பள்ளிக்கூடத்து அக்காவுக்கு யார் பாடம் சொல்வது?



இந்தச் சுகாதாரப் பகுதியில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, டிங்கிக் காய்ச்சல் என்று படித்துப் பழகியிருப்பீர்கள். இந்த முறை ஒரு வாளியைப் பற்றி எழுதப் போகிறேன்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தின் கழிப்பறை மூலையில் ஒரு வாளியும், தேய்க்கிற பிரஷும், இரண்டு மூன்று பிளாஸ்டிக் போத்தல்களும் இருக்கும். அந்த வாளியைத் தூக்குகிறவர் யார்? பல ஊர்களில் பதில், "நம்ம லயத்து அக்காதான்." பால் மரம் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் சாய்ந்து பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. தோட்டத்து வேலை போன பிறகு நம் பெண்களில் பலர் குத்தகை நிறுவனங்களிடம் சேர்ந்து பள்ளிக்கூடம் கூட்டப் போனார்கள். ஆண்கள் ஜாகா வேலைக்கும் புல் வெட்டவும் போனார்கள். சிலர் கெண்டீனில் அடுப்படிக்குப் போனார்கள். இன்று உங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். இதைப் படிக்கிற நீங்களே அவராக இருக்கலாம்.

நான் கேட்க வருவது ஒரே ஒரு கேள்விதான். அந்த வாளியை உங்கள் கையில் கொடுத்தபோது, அதற்குள் என்ன ஊற்றப் போகிறோம், அது உங்களை என்ன செய்யும் என்று யாராவது உங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னார்களா?

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளியேறிய தோட்டத்து மக்கள் இன்னமும் என்னைத் தேடி வருவது உண்டு. சில காலத்திற்கு முன் ஓர் அக்கா வந்தார். இருபது வருஷம் பால் மரம் சீவியவர், மருந்தடித்தவர். இப்போது ஒரு பள்ளியில் துப்புரவு வேலை. மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை. இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது.

"என்னக்கா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

மேலிடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்களாம். கழிப்பறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. பிள்ளைகள் உள்ளே வந்து வழுக்கி விழக்கூடாது என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் குளோராக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வெளுப்பு நீரை ஊற்றினார். மஞ்சள் கறை போகவில்லை. அதன் மேலேயே கறை எடுக்கும் ஆசிட்டை ஊற்றினார். "புஸ்ஸுன்னு ஒரு நெடி வந்துச்சு டிரெசர் ஐயா. கண்ணு எரிஞ்சுது. நெஞ்சை யாரோ கயித்தால இறுக்குன மாதிரி இருந்துச்சு. கதவு எங்கே இருக்குன்னே தெரியல." வாளி உருண்ட சத்தம் கேட்டு வெளியே நின்ற ஒரு பையன் கதவைத் திறந்தான். அதனால்தான் அக்கா பிழைத்தார் என்று நான் நினைக்கிறேன்.

அன்று அவருக்குக் கிடைத்த மருத்துவம் ஒரு கிளாஸ் பால். மேற்பார்வையாளர் சொன்னது இது: "கிளினிக்குக்குப் போனா ஆஸ்துமான்னு சொல்லுங்க. வேலையில நடந்ததுன்னு சொன்னா பிரச்சினை."

நான் அவரிடம், "இதுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கலையா?" என்றேன். அக்கா சிரித்தார். "கொடுத்தாங்களே! வருஷா வருஷம் ஒரு தாள் வரும். பேருக்கு நேரா சைன் போடச் சொல்வாங்க. போட்டுட்டு வந்து கூட்டுவேன்" என்றார்.

தோழர்களே, அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். 1980களில் நானும் அப்படிக் கையெழுத்து வாங்கியவன்தான். விடிகாலைப் பெரட்டில் மருந்தடிக்கிற பெண்களை வரிசையில் நிறுத்தி, "கையுறை போடணும், காத்துக்கு எதிரா அடிக்கக்கூடாது, தெரியும்ல?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, புத்தகத்தில் கைநாட்டு வாங்கி கிராணியிடம் கொடுத்திருக்கிறேன். கையுறை ஸ்டோரில் இருந்ததா என்று நான் பார்த்ததில்லை. இந்த அக்காவும் அந்த வரிசையில் நின்றவர்தான். ஆக, அவர் ஏமாந்த முதல் தாள் நான் நீட்டியது.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கையெழுத்து பயிற்சி ஆகாது. அந்தத் தாள் முதலாளியைக் காப்பாற்றலாம், தொழிலாளியின் நெஞ்சைக் காப்பாற்றாது.

அந்தக் கழிப்பறையில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளுப்பு நீரில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற இரசாயனம் இருக்கிறது. கறை நீக்கும் பல திரவங்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் தனித்தனியே இருந்தால் ஜாக்கிரதையாக உபயோகிக்கலாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே எதிரிகளைக் கொல்ல ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். கழிப்பறையில் அளவு குறைவு, உண்மைதான். ஆனால் கதவு சாத்திய சின்ன அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கப் போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவர் முகம் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளுப்பு நீரோடு அமோனியா கலந்த திரவத்தைச் சேர்த்தாலும் நச்சு ஆவிதான் வரும்.

இதைச் சொல்லிக் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம். "இந்தப் போத்தலும் அந்தப் போத்தலும் சேரவே கூடாது. கதவையும் ஜன்னலையும் திறந்து வை. ஒன்று ஊற்றினால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவு. நெடி வந்தால் அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடு, வாளியை எடுக்கத் திரும்பிப் போகாதே." அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்ததால்தான் அக்காவுக்கு மூன்று வார இருமல்.

"போத்தலில்தான் எழுதியிருக்கிறதே, படித்துப் பார்க்கக் கூடாதா?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்பார்கள். 2013ஆம் ஆண்டு வந்த இரசாயன விதிமுறைகளின்படி, வேலையிடத்துக்கு வரும் அபாய இரசாயனங்களின் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நம் அக்காவுக்குத் தெரிந்தது பாசார் மலாய். மீன் விலை பேசத் தெரியும். பொடி எழுத்தில் இருக்கும் இரசாயன மலாய் தெரியாது. அதுவும் குத்தகைக்காரர் பெரிய டின்னில் வாங்கி, பழைய மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் படிக்க என்ன லேபிள் இருக்கும்?

இந்தப் போத்தல் விஷயத்தில் தோட்டத்து மக்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாரகுவாட் களைக்கொல்லியைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்து, தாகத்தில் எடுத்துக் குடித்து மாண்டவர்களின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது முற்றாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. விஷம் போனது, பழக்கம் போகவில்லை. பிள்ளைகள் ஓடியாடும் பள்ளிக்கூடத்தில் குடிக்கும் போத்தலில் இரசாயனம் வைப்பது எவ்வளவு பெரிய பாதகம்!

லேபிள் உள்ள போத்தலில் இன்னொன்று இருக்கும். சிவப்புக் கரை போட்ட வைர வடிவக் கட்டம். அதற்குள் கையின் மேல் திரவம் சொட்டி அரிக்கிற படம் இருந்தால், தோலையும் கண்ணையும் வெந்து போகச் செய்யும் என்று அர்த்தம். மண்டை ஓடு இருந்தால் உயிரையே குடிக்கும் நஞ்சு. படத்துக்கு மொழி கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு மணி நேரத்தில் இதைக் கற்றுக் கொடுத்துவிடலாம். மனம் வேண்டும், அவ்வளவுதான்.

கழிப்பறையை விட்டு வெளியே வாருங்கள். பள்ளித் திடலில் ஒருவர் புல் வெட்டுகிறார். இயந்திரத்தின் கத்தி சுழலும்போது ஒரு சின்னக் கல்லைத் தட்டினால் அது தோட்டா போலப் பறக்கும். வெட்டுகிறவருக்குக் கண்ணாடியும், முகத்திரையும், கெட்டிச் சப்பாத்தும் வேண்டும். மற்றவர்கள் 15 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அப்படியானால் பள்ளி ஓய்வு நேரத்தில் திடலில் புல் வெட்டலாமா? வெட்டக்கூடாது. இதை வெட்டுகிறவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. அவரை அந்த நேரத்தில் வெட்டச் சொல்கிறவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்குக்கு வீட்டிலிருந்து மெசினைத் தூக்கிக்கொண்டு போகும் அப்பாமார்களே, சிலிப்பர் போட்டுக்கொண்டு வெட்டுகிறீர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

கெண்டீனுக்குப் போவோம். கேஸ் தோம்பு கசிந்தால் அந்த வாயு தரையோடு படரும். நெடி வந்ததும் விளக்கையோ காற்றாடியையோ தட்டக்கூடாது. போட்டிருந்தால் அணைக்கவும் கூடாது, சுவிட்சின் சின்னப் பொறி போதும். அடைப்பானை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியேற வேண்டும். கொதி எண்ணெய் கையில் பட்டால் பற்பசையும் கிச்சாப்பும் தடவுவது நம் வீட்டுப் பழக்கம். அது தவறு. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். பிறகு சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கிளினிக்குக்குப் போக வேண்டும்.

கால்வாய் அள்ளுகிறவருக்கு எலி மூத்திரத்தால் வரும் எலிக் காய்ச்சல் பற்றிச் சொல்ல வேண்டும். காலில் வெட்டுக்காயத்தோடு அந்தத் தண்ணீரில் இறங்கக்கூடாது. இறங்கின பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "நான் கால்வாய் வேலை செய்கிறவன்" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை சொன்னால்தான் டாக்டருக்குச் சரியான சந்தேகம் வரும். பழைய தோட்டத்துப் பள்ளிக் கூரையில் அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால், அதை உடைக்கவும் உலர்ந்த தூளைப் பெருக்கவும் யாரையும் அனுப்பக்கூடாது. அந்தத் தூள் நெஞ்சில் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக எழும்.

"பள்ளிக்கூடம்தானே, ஃபேக்டரியா என்ன?" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவுபடுத்துகிறேன். 2019 மார்ச் மாதம் ஜொகூர் பாசிர் கூடாங்கில் யாரோ கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவின் ஆவி பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்தது. பிள்ளைகள் மயங்கினார்கள். அந்த வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட வேளையில் பிள்ளைகளை எந்தப் பக்கம் கூட்டிப் போவது, எந்தக் கதவைத் திறப்பது என்று ஆசிரியர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? கேட்டில் நிற்கிற ஜாகாவுக்கும், சாவி வைத்திருக்கிற அக்காவுக்கும் தெரிய வேண்டாமா?

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1994இல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் 15ஆம் பிரிவு, வேலைக்கு வைத்திருப்பவர் தொழிலாளிக்குத் தேவையான தகவல், போதனை, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் கொடுக்க வேண்டும் என்கிறது. 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. இப்போது வீட்டு வேலை, ஆயுதப்படை, கப்பல் வேலை போன்ற சில நீங்கலாக எல்லா வேலையிடமும் அதற்குள் அடக்கம். கடமை தவறும் முதலாளிக்கு இருந்த அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர் பாதுகாப்புக்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. கையுறைக்குச் சம்பளத்தில் வெட்டினால் அது தப்பு.

இரசாயனம் புழங்குகிறவர்களுக்காக 2000ஆம் ஆண்டிலேயே தனி விதிமுறைகள் வந்தன. அவற்றின்படி 2 ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சி நடத்த வேண்டும். புது வேலையில் போடும்போதும் நடத்த வேண்டும். கண்ணெதிரே உயிருக்கு ஆபத்து இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையையும் திருத்தப்பட்ட சட்டம் தொழிலாளிக்குக் கொடுக்கிறது. அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது.

"அவங்க நம்ம ஆள் இல்லை, குத்தகைக்காரர் ஆள்" என்று பள்ளித் தரப்பு சொல்வதும், "இடம் பள்ளிக்கூடத்துது" என்று குத்தகைக்காரர் சொல்வதும் நாம் கேட்டுப் புளித்த பாட்டு. தோட்டத்திலும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். குத்தகைக்காரர்தான் முதலாளி, அவர் கடமையிலிருந்து தப்ப முடியாது. வேலையை எப்படிச் செய்வது என்று உத்தரவு போட்டு வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது.

"குத்தகை அடிக்கடி மாறுது, ஆளும் மாறுது, எத்தனை தடவை சொல்லிக் கொடுப்பது?" என்றும் கேட்பார்கள். ஆள் மாறினால் அபாயம் மாறுகிறதா? புது ஆளுக்குத்தான் ஒன்றும் தெரியாது. அவருக்குத்தான் முதல் நாளே சொல்ல வேண்டும். ஜாகாவாக நிற்கிறவர் நேப்பாளத்திலிருந்து வந்தவர் என்றால் அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். நமக்குக் கேட்கிற நியாயத்தை அவருக்கும் சேர்த்துக் கேட்பதுதான் தொழிற்சங்கப் புத்தி.

அக்காவின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இருமல் மெல்லக் குறைந்தது, மாடிப்படி ஏறினால் இன்னமும் இளைக்கிறது. ஆஸ்துமா என்று எழுதிய சீட்டோடு அவர் வீட்டில் இருந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. சொக்சோவில் ஒரு காசும் வரவில்லை. வேலையிட விபத்து என்று பதிவாகி, விபத்து நாளையும் சேர்த்து 4 நாட்களாவது எம்.சி. கிடைத்திருந்தால், சட்டம் கணக்கிடும் அன்றாடச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு அவருக்கு வந்திருக்கும். விபத்தை 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. ஒரு பொய் வார்த்தையால் அந்த உரிமை கை நழுவியது. ஆகவே எந்த மேற்பார்வையாளர் என்ன சொன்னாலும், கிளினிக்கில் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்தப் போத்தல் என்று சொல்லுங்கள். முடிந்தால் போத்தலையே எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த மாதம் நாம் செய்ய வேண்டியது பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போவீர்கள் அல்லவா? அங்கே எழுந்து நின்று மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பள்ளியில் கூட்டுகிறவர், புல் வெட்டுகிறவர், சமைக்கிறவர், காவல் நிற்கிறவர் எல்லாருக்கும் கடைசியாகப் பயிற்சி கொடுத்தது எப்போது? எந்த மொழியில்? சொல்லிக் கொடுத்ததை அவர்கள் செய்து காட்டினார்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் நடந்தது பயிற்சி இல்லை, கையெழுத்து வாங்கல் என்று தெரிந்துகொள்ளுங்கள். கிளைச் செயலாளரிடம் வந்து சொல்லுங்கள். தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குப் புகார் எழுத அவர் உதவுவார்.

வேலைக்குப் போகிற அக்கா, அண்ணன்மாரே, அடுத்த தடவை தாள் வந்தால் பேனாவை உடனே எடுக்காதீர்கள். "முதல்ல சொல்லிக் கொடுங்க, அப்புறம் சைன் போடுறேன்" என்று சொல்லுங்கள். சொல்வதற்குத் தயக்கமாக இருக்கும், தெரியும். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள். சங்கம் பிறந்ததே அதற்காகத்தான்.

அந்தக் கதவைத் திறந்த பையனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவன் கழிப்பறையைக் கழுவுகிற அக்காவுக்கு ஐந்து நிமிஷப் பாடம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அடுத்த முறை கதவுக்கு வெளியே பையன் நிற்காமல் போகலாம். அதற்கு முன் நாம் போய்க் கேட்போம்.